கோட்டில் துப்பாக்கி குத்தியவர்களுக்கு

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, குறிப்பாக 2023 பிப்ரவரியில் ஏஆர்-15 என்ற துப்பாக்கியின் வடிவில் ஊசிச் சின்னம் (பின்) ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டு அவைக்கு வந்தவர்களுக்கு,

வணக்கம்.

வழக்கமாகத் தேசியக் கொடி இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு துப்பாக்கி. ஜார்ஜியா உறுப்பினர் ஆண்ட்ரூ கிளைட் அதைப் பங்கிட்டுக் கொடுத்தார். அவர் துப்பாக்கிக் கடைக்காரரும்கூட. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை நினைவூட்டத்தான் அந்தப் பின் என்றார்கள். நல்லது, எனக்கும் சில விஷயங்கள் நினைவுக்கு வந்தன.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அரசு கொடுத்ததல்ல, ஆண்டவன் கொடுத்தது என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நான் வேலை விசாவில் இருந்தபோது, ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் தூண்டில்களுக்கு அடுத்த கவுண்டரில் வரிசையாக நின்ற துப்பாக்கிகளை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வாங்குபவர் நிரப்பும் 4473-ஆம் படிவத்தில் விசா பற்றியும் கேள்வி உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால் விசாக்காரருக்கு விற்கக் கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னைத் தடுப்பதில்லை. ஆண்டவனும் கிரீன் கார்டு பார்த்துத்தான் கொடுக்கிறான் போல! (நான் வாங்கவில்லை. அது வேறு கதை.)

1791-இல் சேர்த்த அந்தத் திருத்தம் ஆங்கிலத்தில் 27 சொற்கள்தான். அதில் 'குடிப்படை' (குடிமக்கள் சேர்ந்த படை) என்ற சொல்லை வைத்து, உரிமை அந்தப் படைக்கா தனிமனிதருக்கா என்று வக்கீல்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இது தனிமனித உரிமை என்றது. 2022-இல் வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்றது. என் கவலை அதே வாக்கியத்தில் இருக்கும் 'மக்கள்' என்ற சொல்லைப் பற்றியது. யார் அந்த மக்கள்?

1857-இல், விடுதலை கேட்டு வழக்குப் போட்ட டிரெட் ஸ்காட் என்ற அடிமைக்கு எதிரான தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன ஆகும் என்று பட்டியல் போட்டார். அவர்கள் போகிற இடமெல்லாம் ஆயுதம் ஏந்துவார்கள் என்பதும் அதில் ஒன்று. 1956-இல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டார். கிடைக்கவில்லை.

1967-ஐத்தான் நீங்கள் மறந்தே போய்விட்டீர்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள், போலீசார் கறுப்பினத்தவரை நிறுத்தி விசாரிக்கும்போது சற்றுத் தள்ளி துப்பாக்கியுடன் நின்று கவனிப்பார்கள். அன்றைய சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. இதை நிறுத்தத்தான் குடியரசுக் கட்சி உறுப்பினர் டான் மல்ஃபோர்ட் மசோதா கொண்டுவந்தார். எதிர்த்து மே 2-ஆம் தேதி சுமார் 30 பேர் துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மசோதா சட்டமானது. இன்று துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கமே அதை ஆதரித்தது. கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? நீங்கள் படம் மாட்டிவைத்துக் கும்பிடும் ஆளுநர் ரீகன்.

பழங்கதை என்பீர்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். உரிமமும் இருந்தது. சொன்ன சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை. சுட்டவரை 2017-இல் ஜூரி விடுவித்தது. துப்பாக்கிச் சங்கம் இறந்தவர் பெயரைக்கூடச் சொல்லாமல் ஓர் அறிக்கை விட்டது. நீங்களும் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தவரை அரசே சுட்டுக் கொன்றிருக்கிறது. உங்கள் கணக்குப்படி இதைவிடப் பெரிய உரிமை மீறல் வேறென்ன?

பின்னைக் குத்துவதும் கழற்றுவதும் உங்கள் விருப்பம். அன்று ஏன் அவருக்காகப் பேசவில்லை என்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
4473-ஆம் படிவத்தை இன்னும் நிரப்பாத ஒருவன்