மஞ்சக்குப்பத்திலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸப்பில் அமெரிக்க அரசாங்கம் பற்றியெல்லாம் எழுதாதீங்கப்பா என்றாய். அதனால்தான் தபால்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். தானே புயலில் விழுந்த பலா இருந்த இடத்தில் நீ வைத்த கன்று இந்த வருடம் ஏழு காய் விட்டது. குண்டு உப்பலவாடி அத்தை, ஃபெஞ்சல் வெள்ளம் சுவரில் போட்ட கோட்டை இன்னும் சுண்ணாம்பு அடிக்காமல் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது நீ ஒரு மணி நேரம் பேசினாய். இரண்டு வருடம் நல்ல மழை, அதில் புல் மண்டியது, அப்புறம் எட்டு மாதம் சொல்லும்படி மழையே இல்லை, அதற்கு மேல் சாண்டா அனா என்கிற வறண்ட பலத்த காற்று என்று. "மழை பெய்தா நெருப்பு வருமாடி?" என்று அம்மா கேட்டதற்கு எப்படிச் சிரித்தாய்! இப்போது "நல்லா இருக்கேன்பா" என்பதோடு சரி. நெருப்பு, புகை என்று ஆரம்பித்தால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாளா என்று பேச்சை மாற்றுகிறாய்.

நானும் பேப்பர் படிக்கிறவன்தான். அமெரிக்காவின் பருவநிலை அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நானூறு பேரை 2025 ஏப்ரலில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். ஜூன் முடிந்ததும் பழைய அறிக்கைகள் இருந்த இணையதளமே திறக்கவில்லையாம். 2017-ல் அவர்கள் வனத்துறை விஞ்ஞானி ஒருவரைக் காட்டுத்தீ மாநாட்டுக்குப் போகவிடவில்லை என்று, சென்னையில் எம்.எஸ்ஸி. படித்த நீ கொதித்துப் போய் போன் செய்தது நினைவிருக்கிறதா? நம் நாடு மட்டும் என்ன வாழ்ந்தது. 2023-ல் உத்தரகண்டில் ஜோஷிமட் ஊரே மண்ணுக்குள் இறங்கியபோது, 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் என்று இஸ்ரோ சொன்னது. அரசு நிறுவனங்களில் யாரும் இதைப் பற்றிப் பத்திரிகையோடு பேசக் கூடாது என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் உத்தரவு போட்டது. இஸ்ரோவின் அந்த அறிக்கையும் காணாமல் போனது.

உன்னிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. விசா விஷயம், ஜாக்கிரதையாக இரு. கூட்டம், கையெழுத்து எதிலும் முந்திக்கொண்டு நிற்காதே. உன் பெயர் வந்த கட்டுரையை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறேன். பெயரைத் தவிர ஒரு வரி புரியாது. அவ்வளவு படித்த பெண் அப்பாவிடம் மட்டும் மறைக்கிறாய். சரி, விடு. ஜாக்கிரதையாக இரு.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, தெருமுனை அடிபம்பு இருக்க நான் ஏன் சைக்கிளில் குடம் கட்டி இரண்டு கிலோமீட்டர் போகிறேன் என்று கேட்டாய். அந்தத் தண்ணீர் உப்பு என்றேன். உப்பு இல்லை பாப்பா. அந்த சாம்பிளை லேபில் சோதித்ததே நான்தான். ரிப்போர்ட்டில் ஏற வேண்டாம், வெளியிலும் பேச வேண்டாம் என்று மேலே இருந்தவர் சொன்னார். எழுதிக் கொடுக்கக்கூட இல்லை, வாயால் சொன்னதுதான். அக்கா கல்யாணம் முடிவாகியிருந்த சமயம். நம் வீட்டுக்கு மட்டும் வேறு தண்ணீர் கொண்டுவந்தேன். எதிர்வீட்டு மூன்று பிள்ளைகளும் அந்தப் பம்பில்தான் குடித்தார்கள். குடத்தோடு நான் திரும்பும்போது அவர்கள் அம்மா, "சாருக்கு நம்ம தண்ணி பிடிக்கலை போல" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஐந்து வருடம்.

அம்மாவுக்கு இது தெரியாது. அவளும் உப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவள் ஒன்பதரைக்குப் படுத்துவிடுவாள், அதற்குப் பிறகு செய். நான் மொட்டை மாடியில் இருப்பேன்.

அப்பா