அவரை இப்போதுதான் பூத்தது

மான்செஸ்டர்,
அக்டோபர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில்தான் பேசுகிறோமே என்று பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். ஆனால் போனில் கேட்காததைக் கடிதத்தில் கேட்டிருக்கிறாய்: அவரை காய்த்ததா?

இப்போதுதான் பூத்திருக்கிறது.

நீ துணியில் முடிந்து கொடுத்த விதையில் பதினொன்று முளைத்தது. ஏப்ரலில் ஜன்னலோரம் காகிதக் கப்பில் போட்டு, உறைபனி பயம் போனபிறகு மே கடைசியில்தான் மண்ணில் வைத்தேன். யாழ்ப்பாணத்து அக்கா முதுகுவலி என்று விட்டுக்கொடுத்த பாதித் தோட்டத்தில்தான். முழுத் துண்டே ஆறு சென்ட், நமக்கு மூன்று. முதல் வாரமே ஓடில்லாத நத்தை ஒரே ராத்திரியில் நான்கு செடியைத் தின்றுவிட்டது. பக்கத்துத் துண்டுக் கிழவர்தான் (அவரேதான், மழையைத் தவிர வேறெதுவும் பேசாதவர்) தயிர் டப்பாவை மண்ணில் புதைத்து பீர் ஊற்றி வைத்தார். காலையில் எல்லாம் அதில் விழுந்து கிடந்தன. டீக்கடை மாமாவிடம் சொல்லாதே, நல்ல சாவு என்பார்.

ஜூலையில் கொடி பந்தலை மூடிவிட்டது. ஒரு பூ இல்லை. எருவில் குறையோ என்று குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது. நாம் ஆடியில் ஊன்றி, பொழுது சுருங்குகிற ஐப்பசி கார்த்திகையில் பூக்கிற கொடி அது. இருட்டு நீண்டால்தான் பூ எடுக்கும். இங்கே ஜூனில் பகல் 17 மணி நேரம், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். இப்போது பூ வந்தால் பின்னாலேயே குளிரும் வருகிறது. காய் பிடிக்காது.

கிழவரின் ரன்னர் பீன்ஸ் ஜூலையிலிருந்தே சிவப்புப் பூவும் முழநீளக் காயுமாகத் தள்ளுகிறது. இந்தத் தூறலும் ஈரமும்தான் அதற்குப் பிடிக்கும். அதற்கும் சொந்த ஊர் இதில்லை, மெக்சிகோ பக்கத்து மலை. பை பையாகத் தருகிறார். நான் காய் வாங்கியே ரெண்டு மாதம் ஆகிறது. தேங்காய் போட்டுப் பொரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த மணம் இல்லை.

நேற்று மழையில் பந்தலடியில் நின்று அவரை இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தேன். நம் புழக்கடை, மாட்டுத்தொட்டி, நீ சாப்பிடக் கூப்பிடுகிற குரல். கொஞ்ச நேரம் நகரவே முடியவில்லை. போனில் தொண்டை கட்டியிருந்தது அதனால்தான். அறையில் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, கிணற்று விஷயம். பெரியப்பா நம் பங்கைத் தன் பேருக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்கிறாராமே. அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். முறைத்தண்ணீர் போனால் மேட்டுக்காடு மானாவாரிதான். மோட்டார் ரிப்பேர் பணம் பத்து நாள் தள்ளி வரும். இங்கே ஷிப்ட் மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை. அதற்காக வளையலை அடகு வைக்காதே. சின்ன மாமாவிடமும் கேட்காதே, ஊரெல்லாம் சொல்லுவார்.

ஒட்டன்சத்திரம் போனால் எல்லாப் பட்டத்திலும் காய்க்கிற செடி அவரை விதை நூறு கிராம் வாங்கி வை. தைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். சித்திரைக்குள் வரப் பார்க்கிறேன்.

உன் மகன்