வடக்கில் இரண்டாவது வேலை எங்கே இருக்கிறது? ஐந்து மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வடக்கு மாகாண ஆளுநர், பிரதம செயலாளர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலாளர்கள், உள்ளூராட்சி மன்றத் தலைவர்கள், யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழக நிர்வாகத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

படித்த பிள்ளைகள் வடக்கை விட்டுப் போவது இங்கே வேலை இல்லாததால்தான் என்று எல்லோரும் சொல்கிறோம். பயிற்சியிலும் ஆட்சேர்ப்பிலும் நாளாந்தம் ஈடுபட்டிருக்கும் எங்களுக்குத் தெரிவது கொஞ்சம் வேறு. முதல் வேலையை எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் போன பிறகு சம்பளமும் பொறுப்பும் உயரவேண்டிய கட்டத்தில், மாறிப்போக அதே துறையில் இன்னொரு நிறுவனம் ஊரில் இல்லை. அப்போதுதான் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுகிறார்கள். கலியாணம் முடித்தவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல், ஏனென்றால் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையை எந்த மாவட்டமும் தனியே உண்டாக்க முடியாது. ஐந்தையும் ஒரே வேலைச் சந்தையாக எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. மன்னார்த் தீவில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மென்பொருள் நிறுவனங்களும் போதனா வைத்தியசாலையும் யாழ்ப்பாணத்தில். வவுனியாவுக்கு 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 65 கிலோமீற்றர். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னாருக்கும் பூநகரி வழியே நேராகப் போகலாம். ஆனால் தொழிற்சந்தையை மட்டும் ஒவ்வொரு மாவட்டச் செயலகமும் தன்பாட்டில் நடத்துகிறது. ஒரு மாவட்டத்தில் பதிந்த பிள்ளையின் விபரம் அடுத்த மாவட்டத்து முதலாளியின் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் உள்ளகப் பயிற்சியைப் பொதுவாக்குங்கள். இறுதியாண்டு மாணவர் பயிற்சிக்குக் கொழும்பு போகிறார், கடைசி மாதத்தில் அங்கேயே நியமனக் கடிதம் கிடைக்கிறது. இங்குள்ள நிறுவனம் ஆள் தேடத் தொடங்குவதோ பெறுபேறு வந்த பிறகு. அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பயிற்சி தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பே ஐந்து மாவட்ட இடங்களும் ஒரே பட்டியலில் வரவேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் என்ன வேலை, யார் மேற்பார்வை, எவ்வளவு கொடுப்பனவு என்ற மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். மேற்பார்வையாளர் பெயர் இல்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அங்கே போகும் பிள்ளை ஆறு மாதமும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டுதான் இருக்கும். தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்பதை நான்காம் மாத முடிவில் நிறுவனம் சொல்லிவிடவேண்டும்.

செலவு பெரிதல்ல. 100 பேருக்கு மாதம் 20,000 ரூபா வீதம் ஆறு மாதத்துக்கு 1 கோடியே 20 இலட்சம். பாதியை நிறுவனங்கள் ஏற்றால் மிச்சம் மாவட்டத்துக்கு 12 இலட்சம்தான்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), அதாவது தனியார் துறை ஊழியர் பெயரில் மாதாமாதம் சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2020இல் அரசாங்கத்தின் பட்டதாரிப் பயிலுநர் நியமனத்தின்போது, ஈ.பி.எஃப். கணக்கு இருந்ததைக் காரணங்காட்டிப் பலருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அரசாங்க வேலை வந்தால் பிசகிவிடும் என்று, தங்கள் பெயரில் ஈ.பி.எஃப். கட்டவேண்டாம் என பிள்ளைகளே முதலாளியிடம் கேட்கிறார்கள். சில முதலாளிமாருக்கு அது வசதியாகவும் போய்விடுகிறது. 60,000 ரூபா சம்பளத்தில் முதலாளி 12 வீதமாக 7,200 ரூபா, ஊழியர் 8 வீதமாக 4,800 ரூபா கட்டவேண்டும். அதாவது மாதம் 12,000 ரூபா, மூன்று வருடத்தில் வட்டி சேராமலே 4 இலட்சத்து 32 ஆயிரம், அந்தப் பிள்ளையின் பெயரில் சேராமல் போகிறது. வேலை செய்ததற்கான பதிவும் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. இப்படி வேரில்லாமல் நிற்பவர் முதல் அழைப்பிலேயே போய்விடுவார்.

மத்திய அரசின் நியமன விதி உங்கள் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். மாகாண சேவைக்கான ஆட்சேர்ப்பு உங்களிடம் இருக்கிறது. தனியார் துறை அனுபவமோ ஈ.பி.எஃப். கணக்கோ தகுதிக் குறைவாகக் கொள்ளப்படமாட்டாது என்ற ஒரு வரியை ஒவ்வொரு விண்ணப்ப அறிவித்தலிலும் சேருங்கள். நியமனம் கிடைத்தவர் கடமையேற்க ஒரு மாதமாவது கொடுங்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் ஆளை இழக்கும் சிறு நிறுவனம் அடுத்த முறை உள்ளூர்ப் பட்டதாரியை எடுக்கவே தயங்கும்.

தங்குமிடம் இல்லாமல் இந்த ஒரே சந்தை இயங்காது. மன்னார்ப் பெண்ணொருவர் யாழ்ப்பாணத்தில் வேலை எடுத்தால், பாதுகாப்பான அறை கிடைப்பதே பெரும்பாடு. அதேவேளை வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் ஊரூராகப் பூட்டிக் கிடக்கின்றன. குடியிருப்பவர் எழும்பமாட்டார் என்ற பயத்தில்தான் கொடுக்கிறார்கள் இல்லை. பிரதேச சபையே உரிமையாளரிடம் வருட ஒப்பந்தத்தில் வீட்டைப் பொறுப்பேற்று, அறை அறையாக இளம் ஊழியர்களுக்குக் கொடுத்தால் அந்தப் பயம் குறையும். நல்லூரிலோ கரைச்சியிலோ ஐந்து வீட்டுடன் தொடங்கிப் பார்க்கலாம். பேருந்தைப் பொறுத்தவரை கேட்பது ஒன்றுதான்: காலை எட்டரைக்கு முன் அறிவியல்நகரில் இறக்கி, மாலை ஆறு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிவரும் நிச்சயமான சேவை.

ஐந்து மாவட்டச் செயலகங்களும் தலா ஒரு உத்தியோகத்தரை இதற்கென நியமித்து, பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டல் அலகுகளுடன் ஒரே மேசையில் இருத்துங்கள். முதல் கூட்டத்துக்கு அறிக்கை எதுவும் வேண்டாம். தத்தம் மாவட்டத்தில் பயிற்சியாளரை எடுக்கக்கூடிய 20 நிறுவனங்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒவ்வொருவர் கையிலும் இருந்தால் போதும். பட்டியலைச் சரிபார்க்கவும் நிறுவனங்களுடன் பேசவும் நாங்கள் வருகிறோம். திகதியைச் சொல்லுங்கள்.

இவ்வண்ணம்,
வடக்கில் பயிற்சி, ஆட்சேர்ப்புப் பணிகளில் இருப்போர்
யாழ்ப்பாணம்