செல்லாத நாடு, செல்லும் காசு

புதுச்சேரி

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தைத் தள்ளாதே, ஒரு நல்ல டாக்டரைப் பார். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது.

உலகம் ஒத்துக்கொள்ளாத நாட்டுக்குத் தங்கக்காசு ஒரு கேடா என்று கேட்டிருந்தாய். அப்காசியாவைத்தானே சொல்கிறாய்? ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அந்தப் பகுதியை 2008இல் ரஷ்யா அங்கீகரித்தது. பிறகு வந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே ஆண்டு அப்காசியாக்காரர்கள் 'அப்சார்' என்று நினைவு நாணயம் வெளியிட்டார்கள். வெள்ளியில் 10 அப்சார், தங்கத்தில் 50 அப்சார். அடித்தது மாஸ்கோவில். அவர்கள் தலைநகர் சுகுமியின் கடைத்தெருவில் புழங்குவதோ ரஷ்ய ரூபிள். அந்தக் காசு கடைக்காரனுக்கு இல்லையப்பா, நம்மைப் போன்ற நாணயப் பைத்தியங்களுக்கு. ஆல்பத்தில் செருகி 'அப்காசியா' என்று சீட்டு எழுதி ஒட்டுகிறோமே, அந்த அங்கீகாரம் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது, அதுவும் நாம் காசு கொடுத்து!

மால்டோவாவிலிருந்து பிரிந்த டிரான்ஸ்னிஸ்திரியாவின் கதை வேறு. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை ஏற்கவில்லை, ரஷ்யா உட்பட. ஆனாலும் 2014இல் பிளாஸ்டிக்கில் காசு விட்டார்கள். 1 ரூபிள் வட்டம், 3 சதுரம், 5 ஐங்கோணம், 10 அறுகோணம். பார்வையில்லாதவரும் தடவியே சொல்லிவிடலாம். பார்த்தால் சிறுபிள்ளை விளையாட்டுக் காய் மாதிரி இருக்கிறது, கடையில் செல்லுகிறது. என்னைக் கேட்டால், அந்தத் தங்கத்தைவிட இந்தப் பிளாஸ்டிக்தான் அரசாங்கம்.

நம் பக்கம் 10 ரூபாய் நாணயம் பட்ட பாட்டை நினைத்துப் பார். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது. அதற்குப் பிறகும் "நோட்டா குடுங்க சார்" என்று எத்தனை டீக்கடையில் கேட்டிருப்போம்! ராணுவமும் அணுகுண்டும் வைத்திருக்கிற நாடு, டீக்கடைக்காரரிடம் தோற்றது.

பிரெஞ்சுக்காரனுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. 1736இல் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்மா துரை ஆற்காட்டு நவாப் வழியாக ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார். அந்த ரூபாயில் பிரான்ஸ் ராஜா பெயர் கிடையாது, டில்லி பாதுஷா முகம்மது ஷா பெயர்தான். நம்ம ஊர் அடையாளமாக ஒரு பிறை, அவ்வளவே. வேறு பெயர் போட்டால் சந்தையில் யார் வாங்குவார்கள்? செம்புத் துட்டில் மட்டும் ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப்பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. உள்ளூர்ச் சில்லறை உள்ளூர்க்காரன் கைக்குத்தானே போகும்.

அஜர்பைஜானிலிருந்து பிரிந்து நின்ற நகோர்னோ கராபாக்கின் காசு ஒன்று விலைக்கு வந்தது. 2004இல் அடித்தது. 2023 செப்டம்பரில் அங்கிருந்த ஆர்மீனியர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்தக் குடியரசே இல்லை. விற்பவர் அதைச் சொல்லித்தான் விலையை ஏற்றினார். எனக்கு வாங்க மனசு வரவில்லை.

அந்தப் புதுச்சேரிச் செம்புத் துட்டு உன்னிடம் இரண்டு இருக்கிறதே, ஒன்றை எனக்கு விட்டுக்கொடேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் வரும்போது எடுத்துவா. நீ சொல்கிற விலைதான், பேரம் பேச மாட்டேன். ஆனால் முழுவதும் 10 ரூபாய் நாணயமாகத்தான் தருவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்,
ராமு