குடியிருப்போர் நலச் சங்கம் – 2025 ஆண்டறிக்கை (கடலுக்குப் போன கதையோட)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைவர், பொருளாளர், கமிட்டி ஆளுங்க, தோட்டத்து மேல் லைன் கீழ் லைன் வீட்டுக் குடும்பங்க எல்லாத்துக்கும். போன தடவை அறிக்கை ரொம்ப ஆபீஸ் தமிழா இருந்துச்சு, பாதி பேர் தூங்கிட்டாங்கன்னு சொன்னாங்க, அதனால இந்த தடவை பேசற மாதிரியே டைப் பண்ணிட்டேன், கூட்டத்துலயும் இதையே தான் வாசிக்கப் போறேன்.

வழக்கமான சங்கதிய மொதல்ல முடிச்சுக்கறேன். தண்ணி பைப் மேல் லைன் வரைக்கும் மாத்தியாச்சு, கீழ் லைன் பாக்கி. தெரு லைட்டுக்கு மனு குடுத்தாச்சு, இன்னும் எரியல, திரும்பவும் குடுப்போம். கரடி ரேஷன் கடை பின்னாடி வர்றது நிக்கல, ராத்திரி யாரும் தனியா வராதீங்க. இந்த வருஷம் நம்மள விட்டுப் போன பெரியவங்களுக்கு சங்கத்து சார்பா அஞ்சலி. வரவு செலவு பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி லிஸ்ட்டும் அவர்கிட்ட தான் இருக்கு, பேர் படிக்கறதுக்கு முன்னாடி கட்டிட்டா மரியாதை.

இனி டூர். ஏப்ரல் மே மாசம் நம்ம நீலகிரிக்கு சீசன், ஊரே இங்க ஏறி வர்றப்ப நாம எறங்க முடியாது, அதனால ஜனவரி கடைசியில பனி கொட்டற நேரமா பாத்து ராமேஸ்வரம் கெளம்பினோம். சாயங்காலம் கோத்தகிரி, ராத்திரி தாராபுரம் திண்டுக்கல் மதுரைன்னு வண்டி போய் விடியறப்ப பாம்பன். ரோட்டு பாலத்து மேல நின்னு பாத்தா பழைய ரயில் பாலமும் பக்கத்துலயே புதுசும், நாங்க போனப்ப புதுசு திறக்கல, ஏப்ரல் 6ந்தேதி தான் திறந்தாங்க. ஸ்வெட்டர் குல்லாவோட வண்டிய விட்டு எறங்கினவங்க அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் கழட்டி சீட்ல போட்டாங்க.

பாம்பன்ல தான் மேல் லைன் பாட்டி வாய தொறந்தாங்க, அது வரைக்கும் வாந்தி வரும்னு பேசாம வந்தவங்க. நம்ம லைன்ல பாதிப் பேரோட பெரியவங்க சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல (இலங்கையில இருந்த இந்திய வம்சாவளிக்காரங்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்டது) இலங்கையில இருந்து வந்து டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல சேந்தவங்க தான், அது உங்களுக்கே தெரியும். ஒப்பந்தம் போட்டது 1964 அக்டோபர் 30, அதே வருஷம் டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி துறைமுகம், ஸ்டேஷன், பாசஞ்சர் ரயில் எல்லாம் போயிருச்சு, அதனால பின்னாடி இலங்கைத் தலைமன்னார்ல இருந்து வந்த கப்பலுங்க ராமேஸ்வரத்துல தான் ஆள எறக்குச்சு. ரோட்டு பாலம் 1988ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ராமேஸ்வரம் தீவ விட்டு வெளிய வரணும்னா ரயில் ஒண்ணு தான். பாட்டியும் அந்த பழைய பாலத்து மேல ரயில்ல வந்து தான், திரும்பி வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல எறங்கியிருக்காங்க. கடல் எப்படி இருந்துச்சு பாட்டின்னு பசங்க கேட்டதுக்கு, “எங்கடா பாத்தேன், தல சுத்திட்டு கெடந்தேன், கண்ண தொறந்தா டிரங்க் பெட்டிய எவனாச்சும் தூக்கிருவானோன்னு அதையே பாத்துட்டு வந்தேன்”னாங்க. கடல தாண்டி வந்தவங்க கடல பாத்தது இப்பத்தான்.

அக்னி தீர்த்தத்துல அலையே இல்ல, கொளம் மாதிரி நிக்குது, வயசானவங்க படியில உக்காந்தே முங்கலாம். ஆனா குளிக்கறவங்க கட்டின துணிய தண்ணியிலயே விட்டுட்டுப் போறாங்க, காலுல சுத்துது, ஒரு அக்கா நண்டுன்னு நெனச்சு கத்தின கத்துல பக்கத்து கூட்டமே கரையேறிருச்சு.

மத்தியானத்துக்கு மேல தனுஷ்கோடி. 2017ல தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுல இருந்து வண்டி நேரா போயிருது, முன்ன எல்லாம் மணல்ல ஜீப்புல தான். இடிஞ்ச சர்ச்சு, ஸ்டேஷன் செவுரு, பவளக்கல்லு தெரியற சுண்ணாம்பு கட்டடம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். ஒரு பக்கத்த ஆண் கடல்ங்கறாங்க இன்னொண்ண பெண் கடல்ங்கறாங்க, காத்து மாறினா ரெண்டும் கொணத்த மாத்திக்கும்னு மீன் வறுத்துக் குடுத்த அண்ணன் சொன்னார். தேங்கின தண்ணியில பூநாரைக் கூட்டம் நின்னுச்சு, சின்னப் புள்ளைங்க வண்டிய நிறுத்த சொல்லி அழுதுச்சுங்க, நிறுத்தினோம்.

முனையில குளிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே பேண்ட்ட சுருட்டிட்டு எறங்கறாங்க. நம்ம ஊர் கேத்தரின் பால்ஸ்ல பாறைக்கு எறங்கற டூரிஸ்ட்ட நாம எவ்வளவு திட்டறோம், அங்க நம்ம பசங்களே ரெண்டு பேர் எறங்கப் பாத்தாங்க, தலைவர் போட்ட சத்தத்துக்கு வந்தாங்க. ரெண்டு கடலும் மோதற எடம், காலடி மணலையே இழுத்துட்டுப் போகுது, வேடிக்கை பாக்கற எடமே ஒழிய குளிக்கற எடமில்ல.

பொம்பளைங்களுக்கு பாத்ரூம் தான் பெரிய பாடு. எங்க இருக்குன்னு யாரும் சொல்லல, ஒரு குடிசைக் கடைக்கார அம்மா தான் கூட்டிட்டுப் போய் உதவினாங்க. நம்ம ஊருக்கு வர்றவங்க ரோட்டோரம் வண்டிய நிறுத்தி பாத்ரூம் எங்கன்னு கேட்டா இனிமேலாச்சும் மொறைக்காம சொல்லுங்கன்னு மகளிர் அணி சார்பா இங்க எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன்.

அரிச்சல்முனையில பாட்டி பேரனோட போன்ல இலங்கை நெட்வொர்க் புடிச்சு ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ங்கற மாதிரி மெசேஜ் வந்துச்சு, அங்க இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தான். படிச்சுக் காட்டினான். “போகச் சொல்லி அனுப்பிட்டு இப்பத்தான் கூப்புடுறானா”ன்னு பாட்டி சிரிச்ச சிரிப்பு, பக்கத்துல செல்ஃபி எடுத்துட்டு இருந்தவங்களும் திரும்பிப் பாத்தாங்க.

மறுநாள் காலையில உச்சிப்புளி பக்கம் அரியமான் பீச். என்னைக் கேட்டா குழந்தைங்களோட போறவங்களுக்கு இது தான் கடல். சவுக்குத் தோப்பு நெழல், தண்ணி ரொம்ப தூரத்துக்கு ஆழமே இல்ல, அலை முழங்காலுக்கு மேல வரல. கரையில கண்ணாடி மாதிரி சொறி மீன் ஒதுங்கிக் கெடந்துச்சு, செத்துக் கெடந்தாலும் தொட்டா அரிக்கும், தொடாதீங்கன்னு வலை பிரிச்சுட்டு இருந்தவர் சொல்லியும் ஒருத்தன் குச்சியால குத்திட்டு அதே குச்சிய கையில தேச்சுக்கிட்டான், மதுரை வரைக்கும் சொறிஞ்சுட்டே வந்தான். பேரு யாருன்னு கூட்டத்துல கேக்காதீங்க.

திரும்பறப்ப வண்டி டிஎன் 43, நம்ம நீலகிரி நம்பருங்கறதால வெளியூர் வண்டிங்களுக்கு இருக்கற இ-பாஸ் தொல்லை இல்ல. ஆனா குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில் செக்கிங். ஒரு பொண்ணு வீட்டு ஆயாவுக்கு காட்டணும்னு பாட்டில்ல கடல் தண்ணி புடிச்சு வச்சிருந்துச்சு. செக்கிங் பண்ணவர் இது என்னம்மான்னு கேட்டாரு, கடல் சார்ன்னுச்சு. சட்டம் சட்டம் தான், பாட்டில வாங்கிட்டாங்க, தண்ணிய நம்ம டிரைவர் சில்வர் டிபன் பாக்ஸ்ல ஊத்தி குடுத்தார்.

அடுத்த டூருக்கு கூடலூர் நாடுகாணி வழியா கோழிக்கோடு போனா கிட்டங்கறாங்க ஒரு கோஷ்டி, திருச்செந்தூர்ங்கறாங்க இன்னொரு கோஷ்டி. பெரியவங்க உக்கார எடமும் பாத்ரூமும் இருக்கற பீச் எதுன்னு விசாரிச்சுட்டு தான் முடிவு பண்ணணும்னு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு. வண்டி அட்வான்ஸ் குடுக்கறவங்க பொருளாளர்கிட்ட ரசீது வாங்கிக்கோங்க, வாயால சொல்லி பேர் எழுதறது இனி கெடையாது.

இப்படிக்கு,
செயலாளர்