பெயிண்ட் வாளிப் பக்கம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

நீ அனுப்பிய மாடித்தோட்டப் புத்தகத்தைத் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். எனக்குப் பிழை திருத்த காகிதம் வேண்டும், கையில் சிவப்புப் பேனா வேண்டும். அச்சகத்தை மூடினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. திருத்திய பிரதியைத் தனியாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். புத்தகத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு நன்கொடையும் அஃபிலியேட் கமிஷனும் (நம் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கடைக்காரர் தரும் பங்கு) வைத்துச் சம்பாதிக்க முடியுமா என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில், என் கண்ணை உறுத்திய ஓர் இடம். முந்தைய வரைவில் தொட்டிகள் பற்றிய அத்தியாயம் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் தொடங்கியது. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வாளியின் அடியிலிருந்து இரண்டு விரல் மேலே பக்கவாட்டில் துளை போடச் சொல்லியிருந்தாய். சுத்தியலால் அடித்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும் என்று எச்சரித்திருந்தாய். துளைக்கு உள்பக்கம் ஓட்டுச்சில்லு வைக்கச் சொன்னதும், அரிசிச் சாக்கின் வாயை இரண்டு மடிப்பு மடித்துவிடச் சொன்னதும் அதே பக்கத்தில்தான். செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இப்போது வந்த பிரதியில் அந்தப் பக்கம் மூன்று வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதன் இடத்தில் செடி வளர்க்கும் பையான க்ரோபேக் பற்றி இரண்டு பக்கம் வளர்ந்திருக்கிறது. தேங்காய் நார்த்தூள் கட்டி, மண்புழு உரப் பை, கைத்தெளிப்பான், எல்லாவற்றின் கீழும் நீலக் கோடு போட்ட லிங்க்.

க்ரோபேக் மோசம் என்று நான் சொல்லவில்லை. மொட்டைமாடியில் பாரம் குறையும், அதை நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் வாளி ஏன் சுருங்கியது? வாளிக்குக் கமிஷன் இல்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்ததே இதுதானம்மா. நன்கொடையையும் கமிஷனையும் நீ ஒரே பையில் போட்டுப் பேசுகிறாய். இரண்டும் புத்தகத்தை எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. காசு செலவழிக்காமல் கத்திரிக்காய் பறித்தவர் உனக்கு நன்கொடை போடுவார். கடைக்குப் போய்ச் செலவு செய்தவரிடமிருந்து கமிஷன் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. எந்தப் பக்கம் யாருக்காக என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கமிஷன் உனக்காக முடிவு செய்துவிடும், வாளிக்குச் செய்த மாதிரி.

நன்கொடை கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாய். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் அச்சகத்தில் எத்தனையோ சிற்றிதழ்களுக்கும் கோயில் தலபுராணப் புத்தகங்களுக்கும் அட்டை அடித்திருக்கிறோம். விலை போட வேண்டிய இடத்தில் 'நன்கொடை ரூ. 10' என்று போடச் சொல்வார்கள். சின்ன வயதில் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து நீயே படித்துச் சிரித்திருக்கிறாய். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, புத்தகம் வருவதற்கு முன்பே பலரிடம் 'புத்தகம் வாங்குகிறோம்' என்று கையொப்பம் வாங்கி அந்த ஆதரவில்தான் வேலையை நடத்தினார். தமிழில் புத்தகம் போட்டவர்களில் கை நீட்டாதவர்கள் குறைவு.

ஆனால் நீ இன்னொன்றும் சொன்னாய். முதல் பாகத்தை இலவசமாகவும், போதுமான நன்கொடை வந்தால் இரண்டாம் பாகத்தையும் வெளியிடுவதாக. அதை மட்டும் செய்யாதே. அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டு இப்படித்தான் 'தி ப்ளான்ட்' என்ற தொடர்கதையைத் தன் இணையதளத்தில் பாகம் பாகமாக வெளியிட்டார். அதுவும் ஒரு செடியைப் பற்றிய கதைதான், உனக்குப் பொருத்தம். தொடக்கத்தில் பாகத்துக்கு ஒரு டாலர், கொடுப்பது அவரவர் மனசாட்சி. இறக்கிக்கொள்பவர்களில் 75 சதவீதம் பேராவது கொடுத்தால் தொடர்வேன் என்றார். முதல் பாகத்துக்கு அந்த அளவு வந்துவிட்டது. நான்காம் பாகத்தில் கொடுத்தவர்கள் பாதிக்கும் கீழே இறங்கினார்கள். ஆறாவது பாகத்தோடு நிறுத்தினார், கதை அப்படியே நிற்கிறது. இதைச் சொல்லி 'ஜனங்கள் திருடர்கள்' என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் தெரியாத அத்தனை பேர் கேட்டதும் முதல் பாகத்துக்குக் காசு கொடுத்ததே பெரிய விஷயம். ஆனால் 'கொடுத்தால்தான் மிச்சம்' என்று சொன்ன நிமிஷத்தில் அது நன்கொடை இல்லை, பாக்கி வசூல். முழுப் புத்தகத்தையும் கொடு. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முறை கேள். நடுவில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேட்காதே.

காசு போட்டவர்கள் பெயரை அடுத்த பதிப்பில் அச்சிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். பெயரும் தொகையும் எழுதினால் அது மொய் நோட்டு ஆகிவிடும். ஐம்பது ரூபாய் போட்டவர் ஐந்நூறு போட்டவரைப் பார்த்துச் சங்கடப்படுவார். நன்றி சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பு, போதும்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். நீ வெறும் கியூஆர் படம் மட்டும் வைத்திருக்கிறாய். உன் வாசகர்கள் பெரும்பாலும் போனில் படிப்பவர்கள். கையில் இருக்கிற போனை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியிலிருந்து ஏற்றத் தெரிந்தவர்கள் செய்வார்கள், மற்றவர்கள் மூடிவிட்டுப் போவார்கள். கீழே யூபிஐ முகவரியை எழுத்திலும் கொடு. அந்த முகவரி உன் செல்போன் நம்பராக இருக்கவே கூடாது. பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போகும், கண்ட நேரத்தில் கண்டவர்கள் கூப்பிடுவார்கள். வேறு பெயரில் முகவரி வைக்க வங்கி ஆப்பிலேயே வழி இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுப்பார். சம்பளம் வரும் கணக்கில் இதைக் கலக்காமல் இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திற.

இன்னொன்று, வெளியே போன பிடிஎஃபைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்த முடியாது. 2020இல் வங்கிகளை இணைத்த பிறகு கிளைகளின் ஐஎஃப்எஸ்சி கோடு மாறி எத்தனை பேர் அலைந்தார்கள் தெரியுமா? அதனால் கணக்கு விவரத்தோடு உனக்கென்று ஓர் இணையப் பக்கமும் வைத்து, அதன் முகவரியையும் புத்தகத்தில் போடு. எது மாறினாலும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். வேறு யாராவது தங்கள் கியூஆரை ஒட்டிப் புத்தகத்தைப் பரப்பினாலும், சரியான பிரதி எங்கே இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் கொடுப்பது கொஞ்சம் சுற்றுவழி. இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனம் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளியிலிருந்து வருவதை மட்டும் வாங்கலாம். அது பொருளுக்கும் சேவைக்குமான வழி என்பதால், அவர்களுக்கு நன்கொடை என்று கேட்காமல் ஒரு சின்ன விலை வைத்து விற்றுவிடுவது நல்லது.

சரி, கமிஷனுக்கு வருகிறேன். அமேசான் அஃபிலியேட் விதிகளைப் படித்தாயா? அவர்களுடைய லிங்கை மின்னூலுக்குள் வைக்கவே கூடாது. பிடிஎஃபிலும் கூடாது. நீ பதிவு செய்த இணையதளத்திலோ சேனலிலோதான் வைக்கலாம். இப்போது உன் புத்தகத்தில் இருக்கிற நீலக் கோடு அத்தனையும் விதிக்கு விரோதம், கணக்கை முடக்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'நான் பயன்படுத்தும் பொருட்கள்' என்று உன் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடு. புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழி காட்டு. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது, அவர்கள் எதற்காகப் போட்டிருந்தாலும் சரி. புத்தகம் சுத்தமாகிவிடும், வாளிப் பக்கமும் திரும்ப வந்துவிடும்.

ஒருவர் உன் லிங்கைத் தட்டினால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் வாங்குவதற்குத்தான் கணக்கு. ஆனால் க்ரோபேக் பார்க்கப் போனவர் மிக்ஸி வாங்கினாலும் உனக்குக் கமிஷன் வரும், அது ஒரு வேடிக்கை. நீயே உன் லிங்கில் வாங்கினால் வராது. எங்களையும் வாங்கச் சொல்லாதே. சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் பக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பி. வரும் தொகை பற்றிப் பெரிய கற்பனை வேண்டாம். பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும். நூற்றுக்கு ஐந்து என்றே வைத்துக்கொள், 400 ரூபாய்க்கு பை விற்றால் 20 ரூபாய். மனம் குளிர்ந்து நன்கொடை போடுகிற ஒரே வாசகர் அதைவிட அதிகம் தருவார்.

எதைப் பட்டியலில் போடலாம் என்பதற்கு நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: அது உன் மாடியில் இருக்கிறதா? நார்த்தூள் கட்டியை எடுத்துக்கொள். நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய், பொள்ளாச்சி பக்கம். உனக்கு நர்சரியில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதையே வாசகரை ஆன்லைனில் கூரியர் செலவோடு வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 'பக்கத்து நர்சரியில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இது' என்று எழுது. உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசச் சொல்ல மறந்துவிட்டாய், அதையும் சேர். விதைப் பொட்டலங்களை மொத்தமாக எடுத்துவிடு. ஆன்லைனில் வாங்கிய விதை முளைக்காமல் போனால் விற்றவனைத் திட்ட மாட்டார்கள், உன்னைத்தான் திட்டுவார்கள். கவாத்துக் கத்திரி வைத்துக்கொள், நீ வருஷக்கணக்காக அதைத்தான் பிடிக்கிறாய். பட்டியலின் தலையில், தெரிகிற எழுத்தில், 'இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' என்று எழுதிவிடு. அவர்கள் விதியும் அதுதான், நம் நாட்டு விளம்பர விதியும் அதுதான்.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். போடலாம், ஆனால் ஒரு சிக்கல். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களுடைய 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்னூல் அவர்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், உன் இலவசப் பிடிஎஃப் வெளியே உலவக் கூடாது. சேராமல் போட்டால் 35 சதவீதம், 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு வரி கழிக்கும் முன் 35 ரூபாய். இலவசமாகக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் 35 சதவீதத்தோடு ஒரு பிரதியை அங்கே விட்டுவை, கிண்டிலில்தான் படிப்பேன் என்பவர்களுக்காக. அமெரிக்கக் கடையில் விற்பதற்கு அந்த ஊர் வரி 30 சதவீதம் பிடிப்பார்கள். பான் நம்பர் கொடுத்து இரு நாட்டு வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டால் 15 ஆகும்.

இலவசப் பிரதியை இலவசத் தமிழ் மின்னூல் தளமான ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் காரர்களுக்கும் கொடு. யாரும் பகிரலாம் என்று ஆசிரியரே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிற நூல்களைத்தான் அவர்கள் வெளியிடுகிறார்கள். ஈபப், பிடிஎஃப், சின்னத் திரைக்கான ஆறு அங்குல பிடிஎஃப் என்று எல்லா வடிவத்திலும் வரும். பகிரலாம், விற்கக் கூடாது என்கிற உரிமத்தைத் தேர்ந்தெடு. ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, யோசித்துச் செய்.

வரி விஷயம் அப்பாவுக்கு அரைகுறை. நன்கொடை என்று பெயர் வைத்தால் வரி கிடையாது என்று மட்டும் நினைக்காதே. உறவுக்காரர்கள் அல்லாதவர்கள் தருவது ஒரு வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். புத்தகத்துக்காக வந்தது என்றால் தொழில் வருமானம் என்றே பார்க்கவும் வாய்ப்பு உண்டு. எது வந்தாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி ஆடிட்டரிடம் காட்டு.

வேலையை விடுவது பற்றி நீ வாயைத் திறக்கவில்லை, ஆனால் கேட்ட விதத்திலேயே புரிந்தது. இந்தக் காசு சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வராது. கமிஷனும் ராயல்டியும் விற்று ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். நன்கொடை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது புத்தகமும் வந்து, ஒரு முழு வருஷக் கணக்கைப் பார்த்துவிட்டு அதைப் பேசுவோம். அதுவரை ஆபீஸ் போய்க்கொண்டே எழுது.

ஆடிக்கு முன்னால் வெளியிட்டுவிடு. ஆடிப்பட்டம் வந்தால்தான் விதைக்கிற நினைப்பே பலருக்கு வரும். அப்போது கையில் கிடைத்தால் படிப்பார்கள். கூரியர் வந்ததும் 34ஆம் பக்கத்தை முதலில் பார், வாளிப் பத்தியைப் பழைய வரைவிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறேன். ஓட்டுச்சில்லு வைக்கிற படம் மட்டும் தெளிவாக இல்லை, பகல் வெளிச்சத்தில் வேறு எடுத்து அனுப்பு. வேப்பம்புண்ணாக்கு அளவு வாளிக்கு ஒரு கைப்பிடியா இரண்டா என்று அம்மா கேட்கிறாள். புத்தகத்தில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா