முரளிக்கு, கலிப்ஸோ பற்றி

அன்புள்ள முரளி,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்காதே. இங்கே சேதி ஒன்றும் பெரிதாக இல்லை, தெருவில் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான்.

2019-ல் உங்கள் விசாகப்பட்டினத்தில் 'கோழிக்கோடு' கப்பல் ஓய்வு பெற்றதோடு நம் கடற்படையில் மைன்ஸ்வீப்பரே, அதாவது கடலில் கண்ணிவெடி தேடி அழிக்கும் கப்பலே, இல்லை என்று புலம்பியிருந்தாய். எனக்கு உடனே கலிப்ஸோ ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்டோ கடலாராய்ச்சிக்கு வைத்திருந்த அதே கப்பல்தான், பிறந்தது மைன்ஸ்வீப்பராக! 1942-ல் சியாட்டிலில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியது, நீளம் சுமார் 42 மீட்டர், உடம்பு முழுக்க மரம். இரும்பு அடிப்பாகம் மேலே போனாலே காந்தத்தால் தூண்டப்படும் கண்ணி வெடித்துவிடும், மரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. இப்படிப்பட்ட கப்பல்கள் பின்னால் நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு போய், அதில் மின்சாரம் பாய்ச்சித் தூரத்திலேயே கண்ணியை வெடிக்க வைக்கும். காசிமேட்டில் மர லாஞ்சுக்குக் கலப்பத்து அடிப்பதைப் பார்த்திருக்கிறாயே, பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் இறுக்கி இறுக்கி அடிப்பார்கள், ஒரு இடம் விட்டாலும் தண்ணீர் உள்ளே வரும். மரக்கப்பல் என்றாலே அந்தப் பராமரிப்புக்கு முடிவே கிடையாது.

போர் முடிந்ததும் மால்ட்டாவுக்கும் கோஸோ தீவுக்கும் நடுவே ஃபெர்ரியாக ஓடியது, கலிப்ஸோ என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1950-ல் லோயல் கின்னஸ் என்ற பணக்காரர் வாங்கி, வருஷத்துக்கு ஒரே ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கூஸ்டோவிடம் கொடுத்தார் (நமக்கு ஏன் இப்படி ஒரு வீட்டுக்காரர் அமையவில்லை?). கூஸ்டோ முன்பக்கத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு அறை வைத்தார். அதற்குள் இறங்கிக் கண்ணாடி வழியாக மீன்களைப் பார்க்கலாம். குண்டு தேடின கப்பலுக்கு அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலைதான், உலகம் முழுக்க அலைந்தது.

கடைசிக்காலம்தான் எரிச்சல். 1996 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு பார்ஜ் (சரக்குப் படகு) மோதி மூழ்கியது. தூக்கினார்கள், சரி. அடுத்த வருஷம் கூஸ்டோவும் போய்விட்டார், அப்புறம் யாருக்குச் சொந்தம், யார் செலவு செய்வது என்று ஒரே வழக்கு, தகராறு. பிரான்ஸில் வருஷக்கணக்காகக் கிடந்து உளுத்தது, 2016-ல் பழுதுபார்க்கத் துருக்கிக்குப் போனது, மறு வருஷமே அங்கே தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்தது. சொத்துச் சண்டையில் பெரியவரைக் கவனிக்காமல் விட்ட கதைதான். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் மிஞ்சுவது அதே கப்பலா? சிங்கப்பூரிலேயே நீருக்கடியில் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். திட்டி எழுது. அப்படியே 'கோழிக்கோடு' இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்று அங்கே யாரிடமாவது விசாரித்துச் சொல்.

அன்புடன்,
சேகர்
ராயபுரம்